கல்லில் விடுபட்ட கேள்விக்குறி

வடக்கு பிரான்சில், லே காத்தோ நகருக்குக் கிழக்கே, ஓர்ஸ் என்றொரு சிற்றூர். ஊர்ப் பொதுக் கல்லறைத் தோட்டத்தின் ஒரு பக்கத்தில், ஒரே உயரம் ஒரே அகலத்தில் 60க்குச் சற்று மேற்பட்ட வெள்ளைக் கற்கள் நிற்கின்றன. பெரும்பாலும் 1918 நவம்பர் முதல் வாரத்தில் இறந்த பிரிட்டிஷ் படையாட்களுடையவை. ஏ வரிசையில் மூன்றாவது கல், மான்செஸ்டர் படைப்பிரிவைச் சேர்ந்த லெப்டினன்ட் வில்ஃப்ரெட் ஓவனுடையது. வயது 25. கல்லின் அடியில் அவருடைய கவிதையிலிருந்தே எடுத்த ஒன்றரை வரி. இறந்தவர்கள் மீண்டும் எழுவார்களா என்று அது முதலில் கேட்கிறது. மெய்யாகவே இறைவன் மரணத்தை இல்லாமல் ஆக்கிவிடுவான் என்று அடுத்த மூச்சில் பதிலும் சொல்லிவிடுகிறது.

படிக்க ஆறுதலான வாசகம்தான். ஆனால் ஓவன் எழுதியது அதுவல்ல. ‘முடிவு’ என்ற தலைப்பில் அவர் எழுதிய பதினான்கு வரிக் கவிதையில் அந்த இரண்டாவது வாக்கியமும் ஒரு கேள்வி. கல்லில் முற்றுப்பெறும் இடத்தில் கவிதை முற்றுப்பெறுவதில்லை. கேள்வி இன்னும் சில சொற்கள் ஓடிப்போய் ஒரு கேள்விக்குறியில் நிற்கிறது. அதன்பின் முதுமையைக் கேட்கிறார், பூமியைக் கேட்கிறார். இரண்டுமே இல்லை என்றுதான் சொல்கின்றன. மகன் ‘இல்லை’ என்று முடித்த கவிதையை, பாதியில் நிறுத்தி ‘ஆம்’ ஆக்கிக் கல்லில் வெட்டவைத்தவர் அவருடைய தாய் சூசன் ஓவன்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குறியைப் பற்றியது. வெளிநாட்டில் பத்திரமாக இருந்தவர், யாரும் கட்டாயப்படுத்தாமல் திரும்பிவந்து படையில் சேர்ந்து உயிரைவிட்டார் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் கேட்பவர் மனத்தில் ஒரு சித்திரம் எழுந்துவிடும். அழைப்பு வந்ததும் பெட்டியைக் கட்டிய வீரன், கலங்காத தாய், கல், மாலை. ஓவன் அந்தச் சித்திரத்துக்குள் எளிதாகப் பொருந்துகிறவர்போலத் தெரிவார். கிட்டப்போய்ப் பார்த்தால் பொருந்தமாட்டார்.

முதலில் அந்தக் கல்லின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் அமைக்கப்பட்டது. தளபதியானாலும் சிப்பாயானாலும் கல் ஒரே அளவு என்பது அதன் விதி. குடும்பத்தார் விரும்பினால் அடியில் ஒரு வாசகம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் சேர்த்து 66 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது. எழுத்து ஒன்றுக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணம். லட்சக்கணக்கான பெற்றோர் உட்கார்ந்து, விரல்விட்டு எழுத்தெண்ணி, ஒரு பிள்ளையை 66 எழுத்துக்குள் அடக்கப் பார்த்தார்கள். நம் செங்கம் பகுதி நடுகற்களிலும் இடம் குறைவுதான். எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய மாடுகள் கவரப்பட்டன, யார் பட்டான் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கற்களில் பட்டவனின் சொந்தக் குரல் இல்லை. அவனை ஊர் சொல்கிறது. ஓர்ஸ் கல்லிலோ இறந்தவரே பேசுகிறார். பேசவைக்கப்பட்டிருக்கிறார் என்பதே சரி.

1893 மார்ச் 18 அன்று ஆஸ்வெஸ்ட்ரி என்ற எல்லையோர ஊரில் பிறந்தவர் ஓவன். தந்தை ரயில்வே ஊழியர். தாத்தாவின் வீடு கைவிட்டுப்போனதும் குடும்பம் வாடகை வீடுகளுக்கு இறங்கியது. லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார், ஆனால் உதவித்தொகை கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. டன்ஸ்டன் என்ற கிராமத்தில் பாதிரியாருக்கு உதவியாளாகப் போனார். ஏழைகளின் வீடுகளைப் பார்த்ததும் தேவாலயத்தின் மீதிருந்த பிடிப்பு தளர்ந்தது. 1913 செப்டம்பரில் பிரான்சின் போர்தோ நகருக்குக் கப்பலேறி, பெர்லிட்ஸ் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். கவிஞராக வேண்டும், அதற்குள் சோற்றுக்கு ஒரு வழி வேண்டும். அவ்வளவுதான் அப்போதைய திட்டம்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது அவர் பிரெனே மலையடிவாரத்தில், தம்மிடம் ஆங்கிலம் கற்ற ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் விருந்தினர். லொரான் தய்யாத் என்ற மூத்த பிரெஞ்சுக் கவிஞரின் நட்பு அங்கேதான் கிடைத்தது. இங்கிலாந்தில் இளைஞர்கள் ஆள்சேர்ப்பு அலுவலகங்களின் முன்னால் வரிசையில் நின்ற வாரங்களில், ஓவன் ஒரு உயிருள்ள கவிஞரை முதன்முறையாக நேரில் கண்ட பரவசத்தில் இருந்தார். ஆகஸ்ட் கடைசியில் தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்று இன்று படிக்கச் சங்கடமானது. தம் உயிர் முன்னைவிட அருமையாகத் தோன்றுவதாகச் சொல்கிறார். பீரங்கிகள் கொஞ்சம் களையெடுக்கவும் செய்யும் என்கிறார். சிறந்த மூளைகளும் சேர்ந்து அழிவதே தம் கோபம் என்கிறார். 21 வயதுப் பையனின் அகந்தை. பின்னாளில் எந்த ‘களைகளுக்காக’ எழுதப்போகிறாரோ அவர்களைப் பற்றிய பேச்சு அது. நினைவுக் கூட்டங்களில் இந்தக் கடிதம் அதிகம் வெளியே வருவதில்லை.

அடுத்த மாதமே அவர் போரைக் கண்ணால் பார்த்தார். போர்தோவில் மருத்துவமனையாக மாற்றப்பட்ட கட்டடத்துக்கு, தெரிந்த மருத்துவர் ஒருவர் அழைத்துப்போனார். மயக்கமருந்து இல்லாமலே அறுவைகள் நடந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வந்ததும் தம்பி ஹெரால்டுக்கு ஒரு கடிதம் எழுதி, அதிலேயே பேனாவால் படமும் போட்டார். துளைபட்ட முழங்கால், உடைந்த கால், மண்டையில் ஒரு காயம். போர் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று காரணமும் சொன்னார். ஓவன் எதுவும் அறியாமல் போய்ச் சிக்கியவர், அகழியில்தான் கண் திறந்தது என்று சொல்லும் எளிய கதைக்கு இந்த ஒரு கடிதம் போதுமான மறுப்பு. பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தார். சேர ஒரு வருடம் எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு வருடம்தான் எனக்கு மிகவும் மனிதத்தன்மை உள்ளதாகப் படுகிறது. மெரிஞாக் என்ற இடத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியராக இருந்துகொண்டு, போவதா வேண்டாமா என்று கடிதத்துக்குக் கடிதம் புரண்டார். பிரெஞ்சுப் படையில் சேரலாமா, இத்தாலியக் குதிரைப்படை எடுத்துக்கொள்ளுமா என்றுகூட யோசித்தார். போர்க்களத்தில் தம்மைத் தாங்கக்கூடிய ஒரே எண்ணம், கவிஞர் கீட்ஸ் எழுதிய மொழியைக் காக்கிறோம் என்பதுதான் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். மன்னர், கொடி, தேசம் எதுவும் அந்தக் காரணத்தில் இல்லை.

கடைசியில் முடிவைத் தூண்டியது ஒரு அறிவிப்புத் தாள். 1915 கோடையில் ஒரு வாசனைத் திரவிய வியாபாரியின் வேலையாக லண்டன் போயிருந்தபோது, தங்கிய விடுதியில் அதைப் பார்த்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து இங்கிலாந்து திரும்பும் உடல்தகுதியுள்ள கனவான்களுக்கு ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைஃபிள்ஸ்’ படையில் அதிகாரிப் பதவி தரப்படும், மூன்று மாதத்தில் முன்னணிக்கு அனுப்பப்படுவார்கள். ஓவன்போல அயலூரில் பிழைக்கப் போனவர்களுக்கென்றே எழுதியதுபோன்ற விளம்பரம். ‘கனவான்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ரயில்வே ஊழியரின் மகனுக்கு, பல்கலைக்கழகக் கதவு மூடிய ஒருவருக்கு, அதிகாரியின் சீருடை வேறொரு கதவைத் திறந்தது. வர்க்க ஏக்கம் இந்தத் திரும்பலில் எத்தனை பங்கு என்று அளந்து சொல்ல முடியாது. இல்லையென்று மட்டும் சொல்ல முடியாது. செப்டம்பரில் ஊர் திரும்பினார். அக்டோபர் 21 அன்று பெயர் கொடுத்தார். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வர அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது.

எசெக்ஸ் முகாமில் பயிற்சி, 1916 ஜூனில் மான்செஸ்டர் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட் பதவி, அவ்வருட இறுதியில் பிரான்ஸ். தொடக்கத்தில் கடிதங்கள் துள்ளுகின்றன. இரண்டு வாரத்தில் தொனி மாறிவிடுகிறது. 1917 ஜனவரியில், இரு தரப்புக்கும் இடைப்பட்ட வெற்று நிலத்தில் இருந்த ஒரு பதுங்குகுழியைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. உள்ளே 25 பேர், நெருக்கியடித்து. தரையில் ஓரடி இரண்டடித் தண்ணீர். மூச்சுவிட மேலே மிஞ்சியது நான்கடிக் காற்று. வெளியே ஓயாத குண்டுவீச்சு. அப்படி 50 மணி நேரம். இந்த எண்களையெல்லாம் அவர்தான் எழுதியிருக்கிறார், அதுவும் தாய்க்கு. அதே குழியில் காவல் நின்ற ஒருவனின் கண்பார்வை குண்டில் போயிற்று. அந்தக் காட்சி பின்னாளில் அவர் கவிதை ஒன்றில் முழுதாக வந்து உட்கார்ந்தது.

மார்ச்சில் இருட்டில் ஒரு நிலவறைக்குள் விழுந்து தலையில் அடிபட்டது. ஏப்ரலில் வெடியதிர்ச்சி ஒன்று அவரைத் தூக்கி எறிந்தது. ஒரு ரயில் பாதைக் கரையின் பள்ளத்தில், சக அதிகாரி ஒருவரின் சிதைந்த உடலுக்கு அருகில், நாள்கணக்கில் கிடக்க நேர்ந்தது. கைநடுக்கம், தலைவலி, இரவெல்லாம் கனவுகள். படையாட்கள் ‘ஷெல் ஷாக்’ என்றார்கள், மருத்துவர்கள் நரம்புத் தளர்ச்சி என்று எழுதினார்கள். ஜூன் 26 அன்று எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

ஓவனைத் தெரிந்த எல்லோருக்கும் கிரெய்க்லாக்கார்ட் கதை தெரியும். ஆர்தர் பிராக் என்ற மருத்துவர், வேலை செய்தால்தான் மனம் தேறும் என்று நம்புகிறவர். அவர் சொல்படி ஓவன் மருத்துவமனைப் பத்திரிகையான ‘ஹைட்ரா’வுக்கு ஆசிரியரானார். ஆகஸ்டில், போரை வெளிப்படையாக எதிர்த்து அறிக்கைவிட்டதால் அங்கே அனுப்பப்பட்டிருந்த கவிஞர் சீக்ஃப்ரீட் சசூனின் அறைக் கதவைத் தயங்கித் தயங்கித் தட்டினார். கையில் சசூனின் நூல் பிரதிகள், கையெழுத்து வாங்குவதற்காக.

அந்த நட்பின் சான்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சாவதற்கென்றே பிறந்த இளைஞர்களைப் பற்றிய புகழ்பெற்ற கவிதையின் வரைவுத் தாள்கள் அவை. ஓவனின் கையெழுத்து ஒரு பக்கம், சசூனின் பென்சில் திருத்தம் இன்னொரு பக்கம். தலைப்பில் முதலில் இருந்தது ‘மாண்ட’ இளைஞர். அதை அடித்து, ‘மாளவே விதிக்கப்பட்ட’ என்ற பொருள்தரும் சொல் மேலே ஏறியிருக்கிறது. ஒரே ஒரு சொல். முன்னது நடந்துமுடிந்ததற்கு அழும் இரங்கற்பா. பின்னதில் இனி நடக்கப்போவதும் உள்ளே வந்துவிடுகிறது, அந்தச் சாவுக்கு உத்தரவு போட்டவர்களும் வந்துவிடுகிறார்கள். இன்னொரு வரியில் ‘நம்’ பீரங்கிகள் என்று இருந்தது, ‘நம்’ போய் வெறும் பீரங்கிகள் ஆயிற்று. எந்தப் பக்கத்துப் பீரங்கி என்ற வேறுபாடே அதோடு தொலைந்தது.

இந்தத் தாள்களை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சொல் போனால், ஒரு குறி போனால் அர்த்தம் எந்தப் பக்கம் சாயும் என்பது ஓவனுக்கு அணுஅணுவாகத் தெரியும். அப்படிப்பட்டவரின் கல்லில்தான் ஒரு கேள்விக்குறி காணாமல் போனது.

உடல் தேறியதும் கடற்கரை நகரமான ஸ்கார்பரோவில் லேசான பணி கொடுத்தார்கள். 1918 வசந்தத்தில் ரிப்பன் முகாமில் இருந்தபோது, வெளியே ஒரு குடிசையில் சின்ன அறை எடுத்து, பணி முடிந்த மாலைகளில் எழுதினார். அவருடைய பெரிய கவிதைகள் பலவும் அந்தச் சில மாதங்களின் விளைச்சல். உயிரோடிருந்தவரை அச்சில் வந்த கவிதைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். நண்பர் ஸ்காட் மான்க்ரீஃப், பின்னாளில் புரூஸ்டை ஆங்கிலத்தில் தந்தவர், உள்நாட்டிலேயே பயிற்சியாளர் வேலை வாங்கித்தர முயன்றார். கைகூடவில்லை. திரும்பவும் முன்னணிக்குப் போக நினைத்தால் காலில் குத்திவிடுவேன் என்று சசூன் மிரட்டினார். அந்த சசூனே மறுபடி களத்துக்குப் போய், ஜூலையில் தலையில் குண்டுபட்டுத் திரும்பினார்.

இங்கேதான் இரண்டாவது திரும்பல். ஆகஸ்ட் 31 அன்று ஓவன் பிரான்சுக்குக் கப்பலேறினார். 1915இல் அவரை இழுத்தவை ஒரு விளம்பரம், ஒரு மொழிப்பற்று, கொஞ்சம் சமூக ஆசை. 1918இல் அவற்றில் எதுவும் மிச்சமில்லை. தாய்நாட்டுக்காகச் சாவது இனிது என்ற பழைய லத்தீன் வாக்கை ஒரு கவிதையில் பொய் என்றே அறைந்துவிட்டு, அதன் வரைவில் போருக்கு ஆள்பிடித்துப் பாடிய ஜெஸ்ஸி போப் என்ற பெண் கவிஞரின் பெயரையும் குறித்துவைத்தவர், பிறகு ஏன் போனார்? அக்டோபர் தொடக்கத்தில் தாய்க்கு எழுதிய கடிதத்தில் அவரே விடை சொல்கிறார். இந்தப் பையன்களுக்கு உதவத்தான் வந்தேன் என்கிறார். ஓர் அதிகாரியால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நன்றாக அவர்களை நடத்திச்செல்வது நேரான உதவி. அவர்கள் படும் பாட்டைக் கூடவே இருந்து பார்த்து, ஒரு வழக்காடுபவனைப்போலப் பிறகு எடுத்துச்சொல்வது மறைமுக உதவி. முதலாவதைச் செய்துவிட்டேன் என்றும் எழுதினார்.

என் கணிப்பில் ஓவனை நினைவுகூர வேண்டியது இந்த இரண்டாம் திரும்பலுக்காகத்தான். சாட்சி சொல்லப் போகிறவன், சாட்சிக்கூண்டில் ஏறும்முன் மறுபடி சம்பவ இடத்துக்குப் போனதுபோன்ற செயல் அது. முதல் திரும்பலில் ஆயிரக்கணக்கானோர் அவருக்குத் துணை உண்டு. கனடாவிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் தோட்டங்களையும் கணக்குப் புத்தகங்களையும் விட்டு வந்தவர்கள் அவர்கள். இரண்டாவதில் அப்படிப்பட்ட கூட்டம் கிடையாது.

‘முதலாவதைச் செய்துவிட்டேன்’ என்றது அக்டோபர் முதல் இரு நாள்களில் ஜோன்கூர் அருகே நடந்த சண்டையை. அதற்காகத்தான் மிலிட்டரி கிராஸ் விருது. அதற்கான பாராட்டுரையின் கதை விசித்திரமானது. அரசுப் பதிவில் உள்ளபடி, எதிரியிடமிருந்து கைப்பற்றிய எந்திரத் துப்பாக்கியைத் தனியிடத்திலிருந்து தாமே இயக்கி, எதிரிக்குக் கணிசமான உயிரிழப்பை ஏற்படுத்தினார். 1967இல் தம்பி ஹெரால்டு இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்ட கடிதத் தொகுப்பில் அதே பாராட்டுரை வேறு மாதிரி அச்சாகியிருக்கிறது. எந்திரத் துப்பாக்கியைக் கைப்பற்றினார், பலரைச் சிறைபிடித்தார் என்று. உயிரிழப்பு மறைந்துவிட்டது. இரக்கத்தின் கவிஞர் எந்திரத் துப்பாக்கியால் ஆள்களைச் சுட்டு வீழ்த்தினார் என்பது குடும்பம் ஏந்திவைத்திருந்த படத்துக்கு ஒத்துவரவில்லை.

குடும்பத்தை மட்டும் சொல்வானேன். மென்மையாக்குவதை ஓவனே தொடங்கிவைத்தார். ஒரே ஒருவனைத்தான் கைத்துப்பாக்கியால் சுட்டேன், மற்றவர்களைப் புன்னகையால் பிடித்தேன் என்று அம்மாவுக்கு எழுதினார். சசூனுக்கு எழுதியதில் புன்னகை இல்லை. தலையில் குண்டுபட்ட பணியாள் சிறுவன் அரை மணி நேரம் தம் தோளில் சாய்ந்து கிடந்ததையும், அவன் ரத்தம் தம்மை நனைத்ததையும் சொல்கிறார். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று வெளியூரில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனாலும் சூசன் ஏதும் அறியாதவர் அல்லர். எஞ்சியிருக்கும் கடிதங்களில் 500க்கு மேற்பட்டவை அவருக்கு எழுதப்பட்டவை. 50 மணி நேரக் குழி அவருக்குத் தெரியும். ‘முடிவு’ கவிதையைப் பற்றி மகன் எழுதிய கடிதமும் அவரிடம்தான் இருந்தது. தெரிந்துதான் கேள்விக்குறியை எடுத்தார்.

கடைசிக் கடிதம் அக்டோபர் 31, 1918 தேதியிட்டது. ஓர்ஸ் அருகே காட்டோரத்தில் வனக்காவலர் வீடு ஒன்று. அதன் நிலவறையில் ஆட்களோடு தங்கியிருந்தார். ஒரே புகை, ஓரடித் தூரத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுத்து தெரியவில்லை. ஒருவன் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுகிறான், ஒருவன் ஈர விறகைப் போட்டுப் புகையைக் கூட்டுகிறான், சிரிப்பும் குறட்டையும் கலந்து கேட்கின்றன. இங்கே என்னைச் சூழ்ந்திருப்பவர்களில் பாதியளவு நல்ல நண்பர்கள்கூட உங்களைப் பார்க்க வந்துவிட முடியாது என்று தாய்க்குச் சொல்லி முடிக்கிறார். படித்துப் பார்த்தால், போரில் இருக்கும் ஒருவர் எழுதியது என்பதே மறந்துபோகும்.

நவம்பர் 4, விடியற்காலை 5.45. சாம்பர்-உவாஸ் கால்வாயைக் கடக்க வேண்டும். எதிர்க்கரையில் ஜெர்மானிய எந்திரத் துப்பாக்கிகள். தக்கை மிதவைகளைக் கோத்துப் பாலம் போடும் வேலையில் பொறியாளர் படையினர் வரிசையாக விழுந்தார்கள். ஓவன் கரையில் ஆள் ஆளாகப் போய்த் தட்டிக்கொடுத்து, பலகை எடுத்துப்போடவும் உதவிக்கொண்டிருந்தார். அங்கே இறந்தார். ஓர்ஸ் அருகே நடந்த அந்த ஒரு காலைப் போருக்கு நான்கு விக்டோரியா கிராஸ் விருதுகள் தரப்பட்டன. அவற்றில் இரண்டு இறந்தவர்களுக்கு. அந்த இருவரும் ஓவன் கிடக்கும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு அந்த இடத்தில் பாலம் நிற்கவில்லை. மான்செஸ்டர் படையினர் வேறிடத்தில் கடந்தார்கள்.

ஏழு நாள் கழித்துப் போர் நின்றது. நவம்பர் 11 நண்பகலில், ஷ்ரூஸ்பரியில் போர்நிறுத்தத்தைக் கொண்டாடி மணிகள் ஒலித்துக்கொண்டிருந்தபோது, தந்தி ஓவன் வீட்டுக்கு வந்தது. கல்லூரியில் எனக்கு ஓவனை அறிமுகம் செய்த ஆசிரியர் கவிதையை எடுக்கும் முன்பு இந்தத் தந்திக் கதையைத்தான் சொன்னார். வகுப்பே உறைந்துபோனது. உண்மையாக நடந்ததுதான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாடகம் இத்தனை கச்சிதமாக அமைந்துவிட்டால், அதன் நாயகர் தயங்கித் தயங்கி ஒரு வருடம் கழித்தவர் என்பதோ, களையெடுப்பு என்று எழுதியவர் என்பதோ, எந்திரத் துப்பாக்கியை இயக்கியவர் என்பதோ யாருக்கும் வேண்டியிருப்பதில்லை.

பிறகு நினைவு நிர்வாகம் தொடங்கியது. 1919இல் ஈடித் சிட்வெல் தம் ‘வீல்ஸ்’ தொகுப்பை ஓவனுக்குக் காணிக்கையாக்கி ஏழு கவிதைகளை வெளியிட்டார். 1920இல் சசூனின் முன்னுரையோடு முதல் நூல். 1931இல் எட்மண்ட் பிளண்டனின் விரிந்த பதிப்பு. யேட்ஸ் மட்டும் மசியவில்லை. செயலற்ற துன்பம் கவிதைக்குப் பொருளாகாது என்று சொல்லி, 1936இல் தாம் தொகுத்த ஆக்ஸ்போர்டு நூலில் ஓவனைச் சேர்க்க மறுத்தார். கண்ணெதிரே இருப்பதைப் படிக்கத் தவறிய பெரிய கவிஞர்களின் பட்டியலில் இதற்கு நல்ல இடம் உண்டு. வீட்டுக்குள் வேறு வேலை நடந்தது. மகன் சொல்லிவைத்தபடி ஒரு மூட்டைத் தாள்களைச் சூசன் எரித்தார். ஹெரால்டு கடிதங்களில் சில வரிகளை மையால் அடித்தார். ஓவனின் மனம் ஆண்களை நாடியதைக் காட்டும் எதுவும் வெளியே வரக்கூடாது என்பது தம்பியின் கவலைகளில் ஒன்று.

இந்த வேலைகளுக்கு நடுவே, 1920 ஆகஸ்டில், சூசன் இந்தியக் கவிஞர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். ரவீந்திரநாத் தாகூருக்கு. மகன் கடைசியாகப் புறப்பட்ட அன்று இருவரும் கடலுக்கு அப்பால் பிரான்சுப் பக்கம் பார்த்தபடி நின்றதையும், அப்போது அவன் தாகூரின் விடைபெறும் வரிகளைச் சொன்னதையும் எழுதினார். களத்திலிருந்து திரும்பிவந்த அவனுடைய சட்டைப்பைக் குறிப்பேட்டைத் திறந்தால், அவன் கையெழுத்தில் அதே வரிகள், கீழே தாகூரின் பெயர். அந்தக் கவிதை முழுவதும் எந்த நூலில் கிடைக்கும், சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். ஆங்கில ‘கீதாஞ்சலி’யின் 96ஆம் பாடல் அது. கண்டவற்றின் அழகுக்கு நன்றி சொல்லி விடைபெறும் பாடல். பதுங்குகுழியில் 50 மணி நேரம் இருந்துவிட்டு வந்தவர் அதைச் சொல்லி விடைபெற்றது நன்றியாலா, கசப்பாலா, அம்மாவைத் தேற்றவா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. எனக்குக் கடைசிக் காரணம்தான் நெருக்கமாகப் படுகிறது. அவர் தமக்குத் தேர்ந்த விடைச்சொல்லில் ஆறுதல் இருந்தது. சூசன் கல்லுக்குத் தேர்ந்ததும் ஆறுதலைத்தான். மகனிடமிருந்து கற்றதைத் தாய் மகனுக்கே செய்தார் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்விக்குறி வேறொரு வழியில் திரும்பி வந்தது. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் கவென்ட்ரி தேவாலயத்தை எரித்தன. பக்கத்திலேயே எழுந்த புதிய தேவாலயத்தின் திறப்பையொட்டி, 1962 மே 30 அன்று இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘வார் ரெக்வியம்’ முதன்முறையாக அரங்கேறியது. லத்தீன் வழிபாட்டு மந்திரங்களுக்கு நடுவே ஓவனின் ஒன்பது கவிதைகள். ‘தூயவர் தூயவர்’ என்று கூட்டிசை முழங்கி ஓய்ந்ததும், தனிக் குரல் ஒன்று ‘முடிவு’ கவிதையை எடுக்கிறது. முழுக் கவிதையும். இரண்டு கேள்விகளும், இரண்டு மறுப்புகளும். பாடியவர் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கௌ, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படையில் இருந்து, இத்தாலியில் சிறைபிடிக்கப்பட்டவர். உயிர்த்தெழுதலைச் சொல்லும் ஒரு கோயிலுக்குள், எதிரிப் படையின் முன்னாள் சிப்பாய், ஓவனின் ‘இல்லை’யைக் கடைசி வரி வரை பாடிமுடித்தார். சூசன் 1942லேயே காலமாகிவிட்டிருந்தார்.

1985 நவம்பர் 11 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முதல் உலகப்போரின் கவிஞர்கள் 16 பேருக்கு ஒரே கல் வைத்தார்கள். சுற்றிலும் பொறித்திருப்பது ஓவன் தம் நூலுக்கென எழுதிவைத்த முன்னுரைக் குறிப்பின் வாசகம். ஓர்ஸ் மக்களுக்கோ நெடுங்காலம் அவர் யாரென்றே தெரியாது. இங்கிலாந்திலிருந்து யார் யாரோ வந்து ஒரு குறிப்பிட்ட கல்லறையைத் தேடுகிறார்களே என்று ஊர்த்தலைவர் விசாரிக்கத் தொடங்கியதில்தான் விஷயம் புரிந்தது. காட்டோர வனக்காவலர் வீட்டை சைமன் பேட்டர்சன் என்ற கலைஞர் வெள்ளை பூசி, திறந்து கவிழ்த்த புத்தகம்போலக் கூரை வைத்து நினைவிடமாக்கினார். 2011 அக்டோபரில் திறந்தார்கள். நிலவறைக்கு இறங்கும் வளைவான பாதையில் கடைசிக் கடிதம் துணைக்கு வரும். நிலவறையில் பழைய செங்கல் சுவர் அப்படியே விடப்பட்டிருக்கிறது.

கல்லைத் திருத்த வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அது சூசனின் வாசகம், சூசனின் துக்கம். அதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. பாராட்டுரையைத் திருத்தியதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னது சரி. வரலாற்றுப் பதிவு வேறு, தாயின் கல் வேறு. ஆனால் ஓர்ஸ் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘முடிவு’ பதினான்கு வரிதான். அதைக் கடைசி வரி வரை ஒருமுறை படித்துவிட்டு, பிறகு ஏ வரிசை மூன்றாம் கல்லின் முன் போய் நில்லுங்கள்.